ஜப்பானில் உயர்கல்வி: பரிமாற்ற மாணவரும் முகவரின் மாணவரும்

வெள்ளவத்தையில் காலி வீதியின் இரு மருங்கிலும், கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியை அண்டிய ஒழுங்கைகளிலும் ஒட்டப்படும் கல்வி விளம்பரங்களைக் கவனித்து வருபவர்களுக்கு அண்மைக் காலத்தில் ஒரு மாற்றம் புலப்பட்டிருக்கும். லண்டன் பட்டம், கனடா விசா, அவுஸ்திரேலியக் கல்லூரி என்றிருந்த அறிவித்தல்களுக்கு நடுவே ‘ஜப்பானில் படித்துக்கொண்டே உழைக்கலாம்’ என்ற வாசகமும் இடம்பிடித்துவிட்டது. தமிழ்க் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் பிள்ளைகளின் மேற்படிப்பு என்றதும் வழக்கமாக நினைத்துப் பார்த்த நாடுகளின் வரிசையில் ஜப்பான் முன்னர் இருந்ததில்லை. வாகன வியாபாரிகளுக்கும் இரத்தினக்கல் வியாபாரிகளுக்கும் பழக்கமான நாடாகவே அது எம்மவர்களிடையே அறியப்பட்டிருந்தது.

இம்மாற்றத்திற்கான காரணங்களைக் கண்டறிவது கடினமன்று. பிரித்தானியா 2024 ஜனவரி முதல், ஆய்வு மாணவர்கள் போன்ற சிலரைத் தவிர ஏனைய வெளிநாட்டு மாணவர்கள் குடும்பத்தினரை அழைத்துச் செல்வதைத் தடுத்துவிட்டது. அதே மாதத்தில் கனடா, தான் வழங்கும் கல்வி அனுமதிகளுக்கு உச்சவரம்பு விதிப்பதாக அறிவித்தது. அவுஸ்திரேலியா 2024 ஜூலையில் மாணவர் விசாக் கட்டணத்தை 710 டொலரிலிருந்து 1,600 டொலராக உயர்த்தியது. ஜப்பானோ எதிர்த்திசையிற் செல்கிறது. பிறப்புவீதம் வீழ்ந்து, பல்கலைக்கழக வகுப்பறைகளில் இடங்கள் வெறுமையாகிவரும் அந்நாடு, 3 இலட்சம் வெளிநாட்டு மாணவர்கள் என்ற இலக்கை 2008 இல் வகுத்து 2019 இல் அதனை எட்டியது. 2033 ஆம் ஆண்டளவில் 4 இலட்சம் என்ற புதிய இலக்கு 2023 இல் அறிவிக்கப்பட்டுள்ளது. அங்கு கற்கும் வெளிநாட்டு மாணவர்களை அதிக அளவில் அனுப்பும் முதற்பத்து நாடுகளுள் இலங்கையும் இன்று ஒன்றாகிவிட்டது.

கதவு திறந்திருப்பது நல்ல செய்திதான். ஆயினும் ‘ஜப்பானுக்குப் படிக்கப் போகிறார்’ என்ற ஒரே சொற்றொடருக்குள் முற்றிலும் வேறுபட்ட மூன்று பயணங்கள் அடங்கியுள்ளன என்பதைப் பெற்றோரிற் பலர் அறியாதிருக்கின்றனர். இக்குழப்பத்திற்கு ஜப்பானியச் சட்டமும் ஓரளவு காரணம். 2010 ஜூலைக்கு முன்னர் பல்கலைக்கழக மாணவருக்கு ஒருவகை விசாவும் மொழிப் பாடசாலை மாணவருக்கு இன்னொரு வகை விசாவும் வழங்கப்பட்டன. அதன்பின் இரண்டும் ‘மாணவர்’ என்ற ஒரே வகைக்குள் இணைக்கப்பட்டன. ஆகவே, டோக்கியோப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்பவரின் கையிலும், ஏதோவொரு நகரத்து மாடிக் கட்டிடத்தில் இயங்கும் மொழிப் பாடசாலைக்குச் செல்பவரின் கையிலும் இருப்பது ஒரே வகை விசாவே. முகவர்களின் விளம்பரங்கள் இந்த ஒற்றுமையை நன்றாகவே பயன்படுத்திக்கொள்கின்றன.

முதலாவது வழி, பரிமாற்ற மாணவராகச் செல்வது. பரிமாற்ற மாணவர் எனப்படுபவர், தமது நாட்டின் பல்கலைக்கழகமொன்றில் ஏற்கெனவே பதிவுபெற்றுக் கற்றுக்கொண்டிருப்பவர். அப்பல்கலைக்கழகத்திற்கும் ஜப்பானியப் பல்கலைக்கழகமொன்றிற்கும் இடையே மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டிருக்க வேண்டும். அதன் கீழ் அவர் ஒரு தவணைக்கோ ஓராண்டுக்கோ அங்கு சென்று கற்பார். பட்டம் வழங்குவது தாய்ப் பல்கலைக்கழகமே. ஒப்பந்தம் கட்டண விலக்கை உள்ளடக்கியதாயின், இரு தரப்பு மாணவர்களும் தத்தம் பல்கலைக்கழகத்திற்குச் செலுத்த வேண்டியதை மட்டும் செலுத்திவிட்டு இடம் மாறிக் கற்பார்கள். ஜப்பானிய அரச பல்கலைக்கழகங்களின் நியமக் கட்டணம் ஆண்டுக்கு 535,800 யென். அனுமதிக் கட்டணம் 282,000 யென். சில பல்கலைக்கழகங்கள் இதனிலும் கூடுதலாக அறவிடத் தொடங்கியுள்ளன. ஒரு யென்னை ஏறத்தாழ 2 ரூபாவாகக் கணக்கிட்டாலும் 16 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட தொகை அது. நமது அரச பல்கலைக்கழக மாணவருக்கு இங்கு கற்கைக் கட்டணம் இல்லாதிருப்பதால், அத்தகைய ஒப்பந்தத்தின் கீழ் செல்பவர் அத்தொகையில் ஒரு சதமும் செலுத்த வேண்டியதில்லை.

விமானப் பயணம், விடுதி வாடகை, உணவு, காப்புறுதி ஆகியன மாணவரின் பொறுப்பு. ஜப்பானிய மாணவர் சேவை நிறுவனம் தெரிவுசெய்யப்பட்ட பரிமாற்ற மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக மாதம் 80,000 யென் உதவித்தொகை வழங்கி வந்துள்ளது. அது எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ஏற்கும் பல்கலைக்கழகமே மாணவரை அதற்குப் பரிந்துரைக்கும்.

இங்கு அழுத்திக் கூறவேண்டியது ஒன்றுண்டு. பரிமாற்ற மாணவரைத் தெரிவுசெய்து பெயர் குறித்து அனுப்புவது தாய்ப் பல்கலைக்கழகமாகும். இடையில் வேறெவருக்கும் இடமில்லை. ‘பரிமாற்ற மாணவராக அனுப்புகிறோம்’ எனக் கூறி இலட்சக் கணக்கிற் பணம் கேட்கும் முகவர், தம்மிடம் இல்லாத ஒன்றை விற்கிறார்.

பரிமாற்றம் என்பதை ஜப்பானியர் எவ்வளவு பாரதூரமாக எடுத்துக்கொள்கின்றனர் என்பதற்கு அகித்தா சர்வதேசப் பல்கலைக்கழகம் தக்க உதாரணம். நாட்டின் வடபகுதியில், பனி கொட்டும் ஒரு மாகாணத்தில் 2004 இல் தொடங்கப்பட்ட சிறிய பொதுப் பல்கலைக்கழகம் அது. விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன. ஒவ்வொரு மாணவரும் ஓராண்டு காலத்தை வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றிற் கழித்தாலன்றிப் பட்டம் பெற முடியாது. தன் மாணவர்களை அனுப்புமிடங்களிலிருந்து அதேபோன்று மாணவர்களைத் தானும் ஏற்றுக்கொள்கிறது. அப்பல்கலைக்கழகத்தின் தலைவராக 2021 இல் பொறுப்பேற்றவர் ஓர் இலங்கையர் என்பது நம்மிற் பலர் அறியாத செய்தி. பேராசிரியர் மொன்டே காசிம் 1970களில் டோக்கியோப் பல்கலைக்கழகத்தில் பட்டமேற்படிப்புக்காகச் சென்றவர். அகித்தாவுக்கு முன்னரே, பெப்பு நகரிலுள்ள ரித்சுமெய்கன் ஆசிய பசுபிக் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பை 2004 இல் ஏற்றிருந்தார். 2000 ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட அப்பல்கலைக்கழகத்தின் மாணவர்களில் ஏறத்தாழ அரைப்பங்கினர் வெளிநாட்டவர். அந்நியரை எளிதில் உள்ளே விடாத சமூகம் என்று சொல்லப்படும் ஜப்பானில், இரு பல்கலைக்கழகங்கள் இலங்கையர் ஒருவரிடம் தலைமையை ஒப்படைத்திருக்கின்றன. கொழும்பில் இது பேசப்பட்டிருக்க வேண்டிய அளவுக்குப் பேசப்படவில்லை.

ஜப்பானியக் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. பரிமாற்ற மாணவர்களிற் பலர் இரண்டாம் தவணையின் தொடக்கமான செப்டெம்பர் இறுதியிலோ ஒக்டோபரிலோ சென்று சேர்வர். பெயர் குறிக்கும் வேலை அதற்கு ஏறத்தாழ அரையாண்டு முன்னரே முடிந்துவிடும் என்பதால், முதலாம் ஆண்டிலேயே விசாரித்து இரண்டாம் ஆண்டில் விண்ணப்பிப்பவருக்கே வாய்ப்பு அதிகம். தெரிவானபின், ஏற்கும் பல்கலைக்கழகம் ஜப்பானிய குடிவரவுத் திணைக்களத்திடமிருந்து தகுதிச் சான்றிதழ் ஒன்றைப் பெற்று அனுப்பும். அதனைக் கொழும்பிலுள்ள தூதரகத்தில் சமர்ப்பித்து விசா பெறலாம். அங்கு இறங்கி வதிவிடம் அமைந்ததும் 14 நாட்களுக்குள் உள்ளூராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். தேசிய சுகாதாரக் காப்புறுதியிலும் சேர வேண்டும். அதன் பின்னர் மருத்துவச் செலவில் 30 வீதத்தை மட்டும் நோயாளி செலுத்தினாற் போதுமானது.

நமது பக்கத்திலுள்ள சிக்கல் வேறு. ஜப்பானிற் பெற்ற பாட அலகுகளைத் தாய்ப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளுமா என்பது ஒப்பந்தத்தில் பொதுவாகவும் பீடச் சபையில் குறிப்பாகவும் தீர்மானிக்கப்படும் விடயம். இதனை எழுத்தில் உறுதிசெய்யாமற் செல்லும் மாணவர், திரும்பி வந்ததும் தம் சக மாணவர்களை விட ஓராண்டு பின்தங்கியிருப்பதைக் காண நேரிடலாம். விரிவுரையாளர்கள் சிலர் இத்தகைய மாணவரை ஏதோ உல்லாசப் பயணம் சென்று வந்தவர் போன்று நோக்கும் மனப்பான்மையும் இன்னும் முற்றாக மறையவில்லை.

இரண்டாவது வழி புலமைப்பரிசில். ஜப்பானியக் கல்வி அமைச்சு 1954 முதல் வழங்கிவரும் புலமைப்பரிசில், கற்கைக் கட்டணத்தையும் விமானச் சீட்டையும் உள்ளடக்கியது. அண்மைய ஆண்டுகளில் இளமாணிப் பட்ட மாணவருக்கு மாதம் 117,000 யென்னும், பட்டமேற்படிப்பு மாணவருக்கு 143,000 யென்னும் அதற்குச் சற்று மேலும் வழங்கப்பட்டு வந்துள்ளன. இளமாணிப் பட்டத்திற்குச் செல்பவர் முதலாண்டில் மொழியைக் கற்றுப் பின்னர் நான்காண்டுகள் படிப்பார். போட்டி கடுமையானது என்பதை மறைக்கத் தேவையில்லை. எனினும் விண்ணப்பத்திற்குப் பணம் செலுத்த வேண்டியதில்லை. அறிவித்தலைத் தூதரகத்தின் இணையத்தளத்தில் எவரும் பார்க்கலாம். உயர்தரத்திற் சிறந்த பெறுபேறு பெற்ற தமிழ் பேசும் மாணவர் ஒருவர் இப்படியொன்று உண்டென்பதை அறியாமலே முகவரிடம் சென்று சேர்வது நம் காலத்தின் அவலங்களுள் ஒன்று.

மூன்றாவது வழிதான் மதில்களில் ஒட்டப்பட்டிருப்பது. தனியார் மொழிப் பாடசாலையொன்றில் ஓராண்டு முதல் இரண்டாண்டுகள் ஜப்பானிய மொழியைக் கற்று, பின்னர் தொழிற்கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்திற்கோ செல்வதென்பது அதன் ஏட்டுவடிவம். இவ்வழியில் நேர்மையாக முன்னேறியோர் இல்லாமலில்லை. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்த பின்னரே கையெழுத்திட வேண்டும். மொழிப் பாடசாலையின் முதலாண்டுக் கட்டணம் பெரும்பாலும் 7 முதல் 8 இலட்சம் யென் வரை வரும். மாணவர் விசாவில் உள்ளவர் அனுமதி பெற்று வாரத்திற்கு 28 மணித்தியாலம் மட்டுமே வேலை செய்யலாம். நீண்ட விடுமுறைக் காலத்தில் மட்டும் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் வரை செய்யலாம். 2024 இல் ஜப்பானின் குறைந்தபட்சக் கூலியின் தேசிய சராசரி மணித்தியாலத்திற்கு 1,055 யென். நான்கு வாரத்திற்கு 112 மணித்தியாலம் எனக் கொண்டால் மாத வருமானம் 118,000 யென் அளவில் நிற்கும். பகிர்ந்து தங்கும் அறைக்கு 30,000, உணவுக்கு இன்னுமொரு 30,000, போக்குவரத்து, தொலைபேசி, காப்புறுதிக்கு 15,000 எனச் சிக்கனமாக வாழ்ந்தாலும் மிஞ்சுவது 43,000 யென். அடுத்த ஆண்டுக்கான பாடசாலைக் கட்டணத்திற்கு மாதந்தோறும் ஒதுக்கவேண்டியதோ 60,000 யென்னுக்கு மேல். இங்கே தாயின் நகையை அடகுவைத்து வாங்கிய கடன் இக்கணக்கில் இன்னும் சேர்க்கப்படவில்லை.

இந்தத் துண்டுவிழும் தொகையை நிரப்புவதற்காக மாணவர் 28 மணித்தியால வரம்பை மீறுகிறார். இரவு முழுவதும் பொதிகட்டும் தொழிற்சாலையில் நின்றுவிட்டு, காலையில் வகுப்பில் உறங்குகிறார். அல்லது வராமலே விடுகிறார். வரவு குறைந்தால் விசா புதுப்பிக்கப்படுவதில்லை. விசா முடிந்தபின் நாட்டிலிருப்பவர் சட்டத்தின் பார்வையிற் குற்றவாளி. ஒரு மாணவரின் சட்டபூர்வ இருப்பு முழுவதும் பாடசாலையின் வரவுப் பதிவேட்டிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

இதன் கடைசி எல்லை எதுவென்பதை இலங்கையர் 2021 இல் கண்டனர். ஆங்கிலம் கற்பிக்கும் ஆசையுடன் 2017 இல் மாணவர் விசாவிற் சென்ற விஷ்மா சந்தமாலி, மொழிப் பாடசாலைக்குச் செல்வது நின்றுபோனதையடுத்து விசாவை இழந்தார். 2020 ஆகஸ்டில் பொலிஸாரிடம் உதவி நாடிச் சென்றபோது விசா இல்லாததன் பேரிற் கைதுசெய்யப்பட்டு, நகோயா குடிவரவுத் தடுப்பு நிலையத்தில் வைக்கப்பட்டார். நோயுற்று, உணவு உட்கொள்ள இயலாத நிலைக்கு வந்து, 2021 மார்ச் 6 ஆம் திகதி தமது 33 ஆவது வயதில் அங்கேயே உயிரிழந்தார். அம்மரணம் ஜப்பானில் பெரும் கொந்தளிப்பை ஏற்படுத்தியது. அவ்வேளை பாராளுமன்றத்தில் இருந்த குடிவரவுச் சட்டமூலத்தை அரசாங்கம் 2021 மே மாதத்தில் கைவிட நேர்ந்தது. அச்சட்டம் 2023 இல் வேறு திருத்தங்களுடன் நிறைவேறியது. தடுப்பு நிலைய அதிகாரிகளின் பொறுப்பு ஜப்பானிய நீதிமன்றத்திற்குரியது. நாம் இங்கு கவனிக்க வேண்டியது, அப்பயணம் ஒரு சாதாரண மாணவர் விசாவுடன் ஆரம்பமாயிற்று என்பதையே.

பல்கலைக்கழகம் என்ற பெயர்ப்பலகையும் தானாகவே பாதுகாப்பளிக்காது. டோக்கியோ புகுஷி பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுகளில் 1,600 இற்கும் மேற்பட்ட வெளிநாட்டு மாணவர்கள் இருப்பிடம் தெரியாமற் போனது 2019 இல் வெளிவந்து, ‘ஆய்வு மாணவர்’ என்ற பெயரில் புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்துமாறு ஜப்பானிய அரசு அதற்குப் பணித்தது. மொழிப் பாடசாலைகளைக் கல்வி அமைச்சு பரிசோதித்து அங்கீகரிக்கும் புதிய சட்டம் 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. முகவர் குறிப்பிடும் பாடசாலை அந்த அங்கீகாரத்தைப் பெற்றதா எனக் கேட்பது பெற்றோரின் உரிமை. இன்னொன்றையும் கேட்கலாம். வெளிநாட்டு வேலைக்கு ஆட்களை அனுப்புபவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமத்தைப் பெற்றிருக்க வேண்டும். கல்வி முகவர் என்று வந்தமர்ந்தவர் பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் சம்பளத்தைப் பற்றியே பேசுவாரானால், அந்த உரிமத்தைக் காட்டுமாறு அவரிடம் கேட்பதே பொருத்தமானது.

மொழி பற்றிச் சிறிது கூறவேண்டும். பரிமாற்ற மாணவர் ஆங்கில விரிவுரைகளைத் தெரிந்தெடுக்கலாமாயினும், கடைக்கும் வைத்தியரிடமும் ஆங்கிலத்துடன் செல்ல முடியாது. தமிழ் பேசுபவருக்கு ஜப்பானிய மொழியின் வாக்கிய அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. ‘வத்தஷி வா டைகாகு நி இக்கிமஸ்’ என்பதை ‘நான் பல்கலைக்கழகத்திற்குப் போகிறேன்’ என்று சொல்லுக்குச் சொல் மாற்றலாம். நமது ‘கு’ உருபு நிற்குமிடத்தில் அங்கு ‘நி’ நிற்கிறது. இவ்வொற்றுமைகளால் ஈர்க்கப்பட்ட கக்குஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோ, ஜப்பானிய மொழியின் மூலம் தமிழோடு தொடர்புடையது என வாதித்தார். அந்த ஆய்வில் அவருடன் இணைந்து டோக்கியோவிற் பணியாற்றியவர்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அ. சண்முகதாஸும் கலாநிதி மனோன்மணி சண்முகதாஸும். ஓனோ 2008 இல் மறைந்தார். அவரது கொள்கையை மொழியியலாளர்களிற் பெரும்பாலானோர் ஏற்கவில்லை. ஆனாலும் அக்கூட்டுமுயற்சியின் மூலம் பழைய ஜப்பானியக் கவிதைகள் தமிழுக்கு வந்து சேர்ந்தன என்பது மறுக்க முடியாத ஆதாயம். எதிர்த்திசையில், 1960களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகப் பயின்ற நொபொரு கராஷிமா, சோழர் காலக் கல்வெட்டாய்வில் உலகம் மதிக்கும் அறிஞரானார். மாணவப் பருவத்தில் வேறு நாட்டிற் கழிக்கும் சில ஆண்டுகள் எவ்வளவு தூரம் செல்லக்கூடியவை என்பதற்கு அவரை விடச் சான்று தேட வேண்டியதில்லை.

இலக்கணம் கைகொடுத்தாலும் எழுத்து கைகொடுக்காது. அன்றாடப் பயன்பாட்டுக்கென அரசு வகுத்துள்ள சித்திர எழுத்துகள் மட்டும் 2,136. இலங்கையில் இம்மொழியைக் கற்பிக்கும் வகுப்புகளிற் பெரும்பாலானவை சிங்களத்தின் வாயிலாக நடைபெறுவதால், தமிழ் மொழிமூல மாணவர் முதலில் சிங்கள விளக்கத்தைப் புரிந்து, பின்னர் ஜப்பானியத்தை விளங்கிக்கொள்ள வேண்டியுள்ளது. தமிழில் விளக்கம் தரும் தரமான பாடநூலொன்றைக் கொழும்பிற் தேடிப் பெறுவதும் எளிதன்று. முகவரின் வாய்மொழியே ஒரே தகவல் மூலமாகிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முஸ்லிம் பெற்றோர் முதலிற் கேட்பது உணவும் தொழுகையும் பற்றியே. கோபே நகரின் பள்ளிவாசல் 1935 இலும் டோக்கியோப் பள்ளிவாசல் 1938 இலும் கட்டப்பட்டன. பின்னையது 2000 ஆம் ஆண்டில் புதிதாக எழுப்பப்பட்டது. பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றின் உணவுச்சாலைகளில் இப்போது ஹலால் உணவு கிடைக்கிறது. வெளியிற் சாப்பிடும்போதுதான் விழிப்புத் தேவை. ‘மிரின்’ எனப்படும் இனிப்பான சமையல் மது பல கறிகளிற் கலக்கப்படுகிறது. இனிப்புப் பண்டங்களிற் பன்றியிலிருந்து பெறப்படும் ஜெலற்றின் இருக்கலாம். சைவ உணவு உண்பவருக்கும் இதே சங்கடம் உண்டு. பார்வைக்கு வெறும் மரக்கறியாகவும் தோஃபுவாகவும் தெரியும் உணவின் சாறு பெரும்பாலும் உலர்ந்த மீனிலிருந்து எடுக்கப்படுவது. அரிசியும் ஒரு சிறு சட்டியும் இருந்தால் விடுதியிற் சமைத்துக்கொள்ளலாம் என்பதே அங்கு சென்று வந்தவர்கள் தரும் ஆலோசனை.

இத்தனைக்கும் பின்னர், பரிமாற்ற வழி எல்லோருக்கும் திறந்ததன்று என்பது உண்மையே. உயர்தரத்திற் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழக அனுமதி கிடைக்காத பெருந்தொகையினருக்கு அது பொருந்தாது. காலி வீதியில் வெளிநாட்டுப் பட்டங்களை நடத்தும் தனியார் நிறுவனங்களின் மாணவர்களைப் பொறுத்தவரை, பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தின் ஒப்பந்தம் கொழும்பில் பயில்பவரையும் உள்ளடக்குகிறதா என்பதை ஒவ்வொன்றாகக் கேட்டறிய வேண்டும். யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் நிர்வாகங்கள் தாம் கைச்சாத்திட்டுள்ள ஒப்பந்தங்கள் எவை, அவற்றின் கீழ் ஆண்டுக்கு எத்தனை மாணவர் செல்லலாம், இதுவரை எத்தனை பேர் சென்றனர் என்பதைத் தமிழில் வெளியிட்டால் அதுவே பெரும் உதவியாக அமையும். கைச்சாத்திடும் வைபவத்தின் புகைப்படம் பத்திரிகைகளுக்கு வந்து சேர்கிறது; மாணவர் எவரும் செல்லாமலே அந்த ஒப்பந்தம் காலாவதியாகும் செய்தி வருவதில்லை.

பதினாறு, பதினேழு வயதில் இப்போது பாடசாலையில் இருப்பவருக்கு இன்னும் அவகாசமுண்டு. ஜப்பானிய மொழித் தேர்ச்சிப் பரீட்சை ஆண்டுதோறும் டிசம்பரில் கொழும்பில் நடைபெறுகிறது. ஜப்பானியப் பல்கலைக்கழகங்கள் 2002 முதல் பயன்படுத்தும் வெளிநாட்டு மாணவர் அனுமதிப் பரீட்சையும் இங்கேயே எழுதக்கூடியது. முதலாவதின் ஆரம்பப் படியான ஐந்தாம் நிலைக்கு, வார இறுதி வகுப்பொன்றில் ஓராண்டு உழைத்தாற் போதும். அதற்காகும் செலவு முகவர் கேட்கும் முற்பணத்தின் வட்டிக்கும் காணாது.